நாய் மணி அடிக்கப் பழகினால் போதும், கடிக்கப் பழகவேண்டாம்: வீட்டுக்கு வந்து நாய் பழக்கும் ஒரு சேவை பற்றி

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கே வந்து நாய் பழக்கித் தருகிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எங்கள் கொக்குவில் வீட்டுக்கு எடுப்பித்தேன். அவர் இரண்டு விதமான பயிற்சி விற்கிறார். வீட்டுக்காரருக்கு ஏதும் நடந்தால் நாய் போய் இன்னொருவரைக் கூப்பிடுவது ஒன்று. வீட்டுக்காரர் மீது யாராவது கைவைத்தால் நாய் பாய்வது மற்றது. முதலாவதற்கு ஐந்துக்கு நாலு புள்ளி தருவேன். இரண்டாவதைச் சும்மா தந்தாலும் வாங்கவேண்டாம். நல்லதும் கெட்டதும் கலந்து எழுதப்போகிறபடியால் அவருடைய பெயர் போடவில்லை. தேவையானவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவள். அம்மாவுக்கு 84 வயது. தம்பி கனடாவில், ஒன்ராறியோவில். வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு: முதலில் மதில் உயரும், பிறகு கமரா வரும், அதன்பிறகு ஒரு சாதி நாய் வரும். எங்கள் மதிலும் உயர்ந்தது, கமராவும் வந்தது. நாய் விஷயத்தில்தான் இழுபறி. தம்பிக்கு ரொட்வைலர் வேண்டும். எங்களுக்குப் பிறவுணி போதும். பிறவுணி அசல் ஊர் நாய். குட்டியாக வேலிக்குள்ளால் நுழைந்து வந்தது, பிறகு போகவில்லை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்திருக்கும். பாகற்காய் தவிர எதைப் போட்டாலும் தின்னும்.

ஆனால் தம்பி கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. மாரி மழையில் கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்திருந்தது. நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்த நேரம் அம்மா கால் கழுவப் போய்ச் சறுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழும்பவும் முடியவில்லை. நான் வரும்வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். பிறவுணி பக்கத்தில் படுத்திருந்தது. முகத்தை நக்கியிருக்கிறது, முனகியிருக்கிறது, சேலைத் தலைப்பில் தலையை வைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது. மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டார் விறகு கொத்திக்கொண்டிருந்தார்களாம். அந்த மதிலடிக்கு ஓடி ஒருமுறை விடாமல் குரைத்திருந்தால் அவர்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். பிறவுணி ஓடவில்லை.

"நாய் என்னை விட்டிட்டு அங்கால இங்கால போகேல்லைப் பிள்ளை" என்று அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். தம்பி அதே கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப நாய் ஒண்டுமே செய்யேல்லை" என்றான். இரண்டு பேரும் சொன்னது சரி. அந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை நிரப்பத்தான் காசு கொடுத்தேன்.

வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. மோட்டார் சைக்கிளில், பின்னால் ஒரு உதவியாளரோடு வந்தார். கேற்றடியில் நின்றபடியே தடுப்பூசி அட்டையைக் கேட்டார். விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயில் கைவைக்கமாட்டாராம். அது எனக்குப் பிடித்தது. அப்புறம், "ரீச்சர், முதல்ல உங்கட நாய் இப்ப என்ன செய்யுதெண்டு பாப்பம், விழுங்கோ" என்றார். பள்ளிக்கூடத்தில் நாடகம் பழக்கிய கை என்றபடியால் முற்றத்தில் நன்றாகவே விழுந்தேன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகலும் போட்டேன். பிறவுணி பறந்து வந்தது. வாயை மணந்தது, காதை நக்கியது, என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. பிறகு மாமரத்தில் அணில் ஒன்று கத்தவும் அங்கே போய்விட்டது.

அடுத்தது அச்சுறுத்தல். உதவியாளர் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு பின்படலையால் வந்து என் கையைப் பிடித்து இழுத்துச் சத்தம் போட்டார். பிறவுணி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று குரைத்தது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது, ஆனால் வால் காலுக்குள் போய்விட்டது. இரண்டடி முன்னுக்கு வரும், மூன்றடி பின்னுக்குப் போகும்.

"இது சரிவராது ரீச்சர். இதுக்குத் துணிவில்லை. என்ர சிநேகிதன் ஒருத்தனிட்ட நல்ல ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டியள் நிக்குது..."

இந்த இடத்தில்தான் அவருக்கு ஒரு புள்ளி குறைந்தது. நாய் பழக்க வந்தவர் நாய் விற்கப் பார்த்தது ஒரு காரணம். மற்றது, அவர் செய்த சோதனையும் அதில் கிடைத்த பெறுபேறும் புதிதல்ல. தம்பி இருக்கும் அதே ஒன்ராறியோ மாகாணத்தில், வெஸ்ரேர்ண் ஒன்ராறியோ பல்கலைக்கழகத்தில், கிறிஸ்ரா மக்பெர்சன், வில்லியம் ரொபேர்ட்ஸ் என்ற இரண்டு பேர் இதைச் செய்து பார்த்து 2006 இல் எழுதியிருக்கிறார்கள். திறந்த வெளியில் நாயோடு நடந்துபோன வீட்டுக்காரர் மாரடைப்பு வந்ததுபோல விழுந்து அசையாமல் கிடப்பார். கொஞ்சம் தள்ளி வேறு ஆள் இருப்பார். 12 நாய்கள். இன்னொரு சோதனையில் புத்தக அலுமாரி ஒன்று வீட்டுக்காரர் மேல் சாய்ந்து அமத்திப் பிடித்ததுபோலச் செய்தார்கள். அதில் 15 நாய்கள். ஒரு நாய்கூட மற்ற ஆளிடம் உதவி தேடிப் போகவில்லை. அதற்குள் சாதி நாய்களும் இருந்தன. ஆகவே பிறவுணியைத் துணிவில்லாத நாய் என்று ஒதுக்குவதென்றால் கனடாவின் நாய்களையும் சேர்த்து ஒதுக்கவேண்டும். இதைத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல நிறச் சரி விழுந்தது, பதில் வரவில்லை.

அப்படியென்றால் நாய்க்கு ஒன்றும் விளங்குவதில்லையா? விளங்குகிறது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் டெபோரா கஸ்டன்ஸ், ஜெனிபர் மேயர் ஆகிய இருவரும் 2012 இல் எழுதியது: வீட்டுக்காரரோ முன்பின் தெரியாத ஒருவரோ அழுவதுபோல நடித்தபோது 18 நாய்களில் 15 அழுகிறவரிடம் போயின. அந்நியர் அழுதபோதுகூட, பக்கத்தில் இருந்த சொந்த எசமானிடம் போகாமல் அழுத அந்நியரிடமே போயின. துள்ளி விளையாடவும் போகவில்லை, தலையைத் தாழ்த்தி, பணிந்து போயின. கிணற்றடியில் பிறவுணி செய்ததும் அதைத்தான்.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 2020 இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த ஆய்வு. யோஷுவா வான் பேர்க், கிளைவ் வின் முதலானோர் செய்தது. ஒரு பெரிய பெட்டிக்குள் வீட்டுக்காரர் அகப்பட்டுக் கிடந்து உதவி கேட்டுக் கத்துவார். பெட்டியின் கதவு மெல்லியது, நாய் தள்ளினால் திறக்கும். 60 நாய்களில் 20 திறந்தன. மூன்றில் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் அதே 60 நாய்களுக்கும் இன்னொரு சோதனை வைத்தார்கள்: கண்முன்னாலேயே பெட்டிக்குள் சாப்பாட்டைப் போட்டு மூடினார்கள். அதைத் திறந்தது 19 நாய்கள்தான். மிச்ச நாய்களுக்குச் சாப்பாட்டில் ஆசையில்லை என்று யாராவது சொல்வீர்களா? பெட்டியை எப்படித் திறப்பது என்றுதான் தெரியவில்லை. திறக்கத் தெரிந்த அந்த 19 இல் 16 நாய்கள் வீட்டுக்காரரையும் திறந்து விட்டன. கணித ரீச்சர் என்றபடியால் பின்னத்தின் கீழே எதைப் போடுகிறோம் என்பதில் எனக்குக் கண் போகும். 60 ஐக் கீழே போட்டால் நாய்க்கு அக்கறையில்லை என்று வருகிறது. 19 ஐப் போட்டால் வழி தெரிந்த நாய் பெரும்பாலும் வருகிறது என்று வருகிறது. வீட்டுக்காரர் பெட்டிக்குள் சும்மா இருந்து சஞ்சிகை வாசித்தபோதும் 16 நாய்கள் திறந்தன என்பதையும் சொல்லவேண்டும். அவை எசமானோடு இருக்க விரும்பித் திறந்திருக்கலாம். ஆனாலும் கத்தும்போது நாய்கள் முனகியதும் பதறியதும் கூடுதல்.

இதையெல்லாம் நாய் பழக்க வந்த அந்தத் தம்பிக்குச் சொன்னேன். "எனக்கு அன்பு பழக்கத் தேவையில்லைத் தம்பி. அது இருக்கு. மணி அடிக்கப் பழக்கித் தாரும்." அவர் சிரித்துவிட்டு, "சரி ரீச்சர், அதுக்கு இந்த நாய் நல்லாக் காணும்" என்றார். ஆறு நிமிடத்துக்கு முன் துணிவில்லாமல் இருந்த நாய்!

இனிப் பயிற்சி. இதில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

முதலில் ஒரு சில்வர் மூடியை எடுத்தார். பிறவுணியின் மூக்கு மூடியில் பட்டவுடன் "ஓம்" என்பார், அவித்த கோழியில் நகமளவு துண்டொன்று கொடுப்பார். வேறெதற்கும் "ஓம்" இல்லை. மூடியைத் தள்ளித் தள்ளி வைத்தார், சுவரில் ஒட்டினார், கடைசியில் மூடியின் இடத்தில் கம்பியில்லா அழைப்புமணியின் பொத்தானை வைத்தார். நகரத்து மின்சாதனக் கடைகளில் வாசல் மணி என்று விற்கிறார்களே, அதுதான். பொத்தானை விறாந்தைச் சுவரில் நாயின் மூக்கு உயரத்தில் பூட்டினோம், இன்னொன்றைக் கிணற்றடித் தூணில். ஒலிக்கும் பெட்டி ஒன்று என் அறையில், மற்றது அடுத்த வீட்டு அக்காவின் குசினியில். அக்கா மறுக்கவில்லை, அன்றைக்கு விறகு கொத்திய சத்தத்தில் தனக்குக் கேட்காமல் போனது அவருக்கு இன்னும் மனக்குறை.

பிறகுதான் விழுகை வந்தது. நான் விழுவேன், அவர் பொத்தானைக் காட்டுவார், பிறவுணி அழுத்தும், கோழி வரும். மெல்ல மெல்லக் கை காட்டுவதை நிறுத்தினார். கடைசியில் ஆள் விழுந்து கிடப்பதே நாய்க்குச் சொல்லாகிவிட்டது. கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் விறாந்தையில் படித்த பாடம் கிணற்றடியில் மறந்துபோகும். எண்ணை மாற்றிப் போட்டால் தெரிந்த கணக்கிலேயே திகைத்து நிற்கும் பிள்ளையைப்போல, பிறவுணி என்னைப் பார்க்கும், தூணைப் பார்க்கும், திரும்ப என்னைப் பார்க்கும். ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். சில பயிற்றுநர்கள் இந்த இடத்தில் பொறுமையிழந்து நாயைக் கத்துவார்கள். இவர் கத்தவில்லை.

அப்புறம் பொய் அலாரம். மூக்கால் அழுத்தினால் கோழி வருகிறது என்று கண்டுபிடித்த நாய் சும்மா இருக்குமா? நடுச்சாமத்தில் மணி. நான் ஓடி வந்தால் அம்மா குறட்டை விட்டுத் தூங்குகிறார், பிறவுணி பொத்தானடியில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வீட்டு அக்காவும் ரோச் லைற்றோடு மதிலடியில். இதற்கு அவர் சொன்ன வைத்தியம்: ஆள் விழாமல் அடித்த மணிக்கு ஒன்றும் கொடுக்கக்கூடாது, ஏசவும் கூடாது, வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகவேண்டும். வேலை செய்தது. ஆனால் அம்மா இரகசியமாக முறுக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பிடிக்கும்வரை வேலை செய்யவில்லை. "பாவம், அது கஷ்டப்பட்டு அடிக்குது பிள்ளை."

அவருக்கும் அவர் பார்த்துப் படித்த வெளிநாட்டு யூடியூப் காணொளிகளுக்கும் எட்டாத ஒரு சிக்கலும் வந்தது. அங்கே நிலத்தில் ஆள் கிடந்தால் அது விபத்து. எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அம்மா விறாந்தையில் பாயைப் போட்டுச் சரிவார். சரிந்தவுடன் மணி! ஒவ்வொரு மத்தியானமும்! அடுத்த வீட்டு அக்கா பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் மத்தியான நித்திரை உண்டு. அந்தத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு இருந்துவிட்டு, பாயில் கிடப்பது ஒன்று, வெறும் நிலத்தில் கிடப்பது வேறொன்று என்று பிறவுணிக்குப் பிரித்துக் காட்டத் தொடங்கினார். பாயில் கிடக்கும்போது அழுத்தினால் ஒன்றுமில்லை. நிலத்தில் கிடக்கும்போது அழுத்தினால் கோழி. பிடித்துக்கொண்டது. இதோடு வாயால் சொல்லும் ஒரு சொல்லும் பழக்கினார், அம்மாவுக்கு நினைவு இருந்தால் சொல்லலாம் என்று. முதலில் "ஐயோ" என்றுதான் யோசித்தார். நாளுக்கு எத்தனை தரம் அம்மா "ஐயோ" சொல்கிறார் என்று ஒரு பின்னேரம் கேட்டுவிட்டுத் தானே கைவிட்டார். தொலைக்காட்சி நாடகத்துக்கே அரைவாசி போய்விடும். இப்போது சொல் "பிறவுணி, மணி". அம்மா கட்டிலில் இருந்தபடியே சொல்லிப் பார்த்து அதைத் தேத்தண்ணி கேட்கவும் பயன்படுத்துகிறார். அதை நான் தடுக்கவில்லை. பயிற்சி மறக்காமல் இருக்கும்.

உண்மையான விழுகை இன்னும் வரவில்லை, வரவும் வேண்டாம். ஆகவே அன்றைக்கு என்ன செய்யும் என்று உறுதி தரமாட்டேன். நாங்கள் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து பார்க்கும் நேரங்களில் பெரும்பாலும் அடிக்கிறது. முற்றத்தில் புல் பிடுங்கக் குந்தியிருந்தால் சிலவேளை குழம்பிப்போய் அதற்கும் அடிக்கிறது. அடிக்காமல் விடுவதைவிட அது பரவாயில்லை.

இங்கே ஒரு குறை. ஒருநாள் பிறவுணி மதிலடியில் பூனையைப் பார்த்து ஓயாமல் குரைத்தபோது, பையில் இருந்து கரண்ட் அடிக்கும் கழுத்துப்பட்டி ஒன்றை எடுத்தார். நான் விடவில்லை. 2018 இல் எமிலி சான்போர்ட் முதலானோர் அமெரிக்காவில் 34 நாய்களை வைத்துச் செய்த ஒரு சோதனை உண்டு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வீட்டுக்காரர் அழுவார், அல்லது குழந்தைப் பாட்டொன்றை முணுமுணுப்பார். கதவைத் திறந்த நாய்களின் தொகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அழுதபோது திறந்த நாய்கள் மிகக் கெதியாகத் திறந்தன. முக்கியமான விஷயம், அழுகை கேட்டுத் திறந்த நாய்களிடம் பதற்றம் குறைவாக இருந்தது. அளவுக்கு மீறிப் பதறிய நாய்க்குக் கதவு தெரிவதில்லை. அப்படியிருக்க, கழுத்தில் கரண்ட் அடித்து ஒரு நாயைப் பதறவைத்துவிட்டு, விபத்து நேரத்தில் அது நிதானமாகப் போய்ப் பொத்தானை அழுத்தும் என்று எதிர்பார்ப்பது என்ன கணக்கு? அவர் பட்டியைப் பையில் வைத்தார், ஆனால் ஒத்துக்கொண்ட முகம் இல்லை. நீங்கள் எடுப்பித்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி இரண்டாவது பொதி, "காவல்". இதற்குத்தான் அவர் கூடக் காசு கேட்கிறார், இதைத்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் கூட விரும்புகிறார்கள். கையில் தடித்த உறை போட்ட உதவியாளர் பாய்ந்து வருவார், நாய் உறையைக் கவ்வவேண்டும். நாங்கள் இதைப் பிறவுணிக்குச் செய்விக்கவில்லை, ஆனால் எங்கள் ஒழுங்கையில் இப்படிப் பழக்கிய ஒரு அல்சேஷன் நிற்கிறது. பழக்கியவர் இவரல்ல, வேறொருவர். அந்த வீட்டுக்காரரின் மைத்துனர் பல வருடங்களுக்குப் பிறகு பிரான்சில் இருந்து வந்தார். கேற்றடியில் வைத்தே மச்சானைக் கட்டிப்பிடித்தார். நாய்க்குக் கட்டிப்பிடிப்பதும் கழுத்தைப் பிடிப்பதும் ஒன்றுதான். மைத்துனரின் விடுமுறை தையலோடும் தடுப்பூசிகளோடும் தொடங்கியது. நாயைக் குறை சொல்ல முடியாது. படிப்பித்ததைச் செய்தது.

யாழ்ப்பாணத்து வளவு ஒன்றுக்குள் ஒரு கிழமையில் யார் யார் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மீன்காரர், பேப்பர்காரர், தபால்காரர், மின்சார மீட்டர் பார்க்கிறவர், கிராம சேவையாளர், கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிறவர்கள். தேங்காய் பிடுங்க வருகிறவர் கையில் கத்தியோடுதான் வருவார். இவர்களில் பாதிப்பேர் படலையைத் திறந்துகொண்டு உள்ளே வந்த பிறகுதான் "வீட்டுக்காரர்!" என்று கூப்பிடுவார்கள். எங்களுக்குக் கள்வனும் மீன்காரரும் வேறு; மழைக்கோட்டைப் பார்த்துப் பாயப் பழகிய நாய்க்கு மாரி காலத்தில் ஊரே கள்வர்தான். பொலிஸ் நாய் என்றால் அதைக் கையாள்பவர் எப்போதும் பக்கத்தில் நிற்பார், பயிற்சியும் தொடர்ந்து நடக்கும். எங்கள் வீட்டில் கையாள்பவர் 84 வயது அம்மா.

ஆபத்து என்று கண்டால் பெரும்பாலான நாய் முதலில் தன்னைத்தான் பார்க்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மா சொல்வார், சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டில் நின்ற மணியன்தான் பொம்பர் இரைச்சல் கேட்டால் பங்கருக்குள் முதல் ஆளாம். நாங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போனால் அது ஏற்கெனவே நல்ல மூலையைப் பிடித்திருக்குமாம். ஆனால் அது ஓடுவதைப் பார்த்துத்தான் அம்மா ஓடுவாராம், இரைச்சல் மனிசர் காதுக்குக் கேட்க முதலே. வைரவரின் வாகனத்துக்கு வடைமாலையில் பங்கு கொடுக்க அதுவே போதும்.

துணிவில்லை என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் உண்டு. நடிப்பு நடிப்புத்தான். பெல்பாஸ்ற் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 2022 இல் வந்த ஆய்வில், மனிதரின் வியர்வையையும் மூச்சையும் மணந்தே அவர் மன அழுத்தத்தில் இருக்கிறாரா என்று 4 நாய்கள் 93.75 சதவீதம் சரியாகக் காட்டின. அழுத்தம் வரவைக்க அவர்கள் செய்த வேலை என்ன தெரியுமா? 9000 இல் இருந்து 17, 17 ஆகக் குறைத்து வாயால் சொல்லச் சொன்னார்கள். என் பழைய மாணவர்கள் இதை வாசித்தால் அந்த நாய்களுக்கு நான் நிறைய வேலை கொடுத்திருப்பேன் என்பார்கள். எப்படியோ, முற்றத்தில் விழுந்த என்னில் மாரடைப்பின் மணம் இல்லை, உதவியாளர் கையைப் பிடித்தபோது என்னில் பயத்தின் மணமும் இல்லை. அந்தத் தம்பியின் சோதனை நாயின் துணிவை அளந்ததா, என் நடிப்பை அளந்ததா என்று சொல்வது கஷ்டம்.

ஒன்றுமட்டும் கவனித்தேன். கையைப் பிடித்து இழுத்த உதவியாளர் பிறகு மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு பிஸ்கற் நீட்டியபோது பிறவுணி வாங்கவில்லை. அந்தத் தம்பி நீட்டியபோது வாங்கியது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2015 இல் இதைப்போல ஒன்று கண்டிருக்கிறார்கள்: தன் எசமான் உதவி கேட்டபோது முகத்தைத் திருப்பிய ஆளிடம் நாய்கள் சாப்பாடு வாங்கத் தயங்கின. எசமானை யார் எப்படி நடத்துகிறார்கள் என்று அவை பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. உதவியாளர் நல்ல பிள்ளை, அவருக்கு மனவருத்தம். போகும்போது வரைக்கும் கெஞ்சிப் பார்த்தார்.

காசு விஷயம். மணிப் பொதிக்கு எங்களிடம் ஒரு வரவுக்கு 2,500 ரூபா எடுத்தார், மணியும் பொத்தான்களும் எங்கள் செலவு. தூரத்துக்கு ஏற்றபடி கூடுமாம். சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கத்தார் முதலே பேசிக்கொள்ளுங்கள். சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. ஒன்பது மணி என்றால் பத்தரை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆளைப் பிடிக்கவே முடியாது. வராத நாளில் நீங்கள் செய்யவேண்டிய பயிற்சியை வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்புவார், அது தெளிவாக இருக்கும். வீட்டில் நாளுக்குப் பத்து நிமிடம் நீங்கள் விழுந்து எழும்பத் தயாரில்லை என்றால் இந்தச் சேவையை எடுக்கவேண்டாம். அவர் போன பிறகு நாய் மறந்துவிடும், பிறகு அவரைக் குறை சொல்வீர்கள். பக்கத்தில் மணி கேட்டு ஓடிவர ஒரு ஆள் இல்லாத வீட்டுக்கும் இது உதவாது. அங்கே கழுத்தில் போடும் அவசரப் பொத்தானோ, தினமும் இரண்டு தரம் போன் எடுக்கும் பிள்ளையோதான் வேண்டும்.

தம்பி கடைசியில் காசு அனுப்பினான், ரொட்வைலருக்கு என்று ஒதுக்கியதில். மிச்சத்தில் கிணற்றடிச் சீமெந்தைக் கொத்திச் சொரசொரப்பாகப் பூசுவித்து, பிடிக்க ஒரு கம்பியும் போட்டோம். அதைச் செய்த மேசனுக்கு ஐந்துக்கு ஐந்து.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: மணிப் பொத்தானுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றறியை மாரி தொடங்க முதல் மாற்றிவிடுங்கள். கிணற்றடியில் பூட்டினால் பொத்தானுக்கு மேல் ஒரு பிளாஸ்ரிக் மூடி கட்டாயம். எங்களுடையது முதல் மழையிலேயே நனைந்து, நாய் அழுத்தாமலே விடிய விடிய அடித்தது.